பாப்பா, நீ இம்பாக்ட்!

ஐ.பி.எல். பார்க்கிறவர்களுக்கு 'இம்பாக்ட் பிளேயர்' தெரியும். தெரியாத தோழிகளுக்காகச் சொல்கிறேன். டாஸ் போடும்போதே பதினோரு பேரோடு ஐந்து மாற்று வீரர்கள் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் அந்த ஐந்து பேரில் ஒருவரை உள்ளே இறக்கலாம். 2023-ல் வந்த விதி இது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பந்து வீசுகிறவர் 4 ஓவர் போட்டு முடித்ததும் அவரை உட்கார வைத்துவிட்டு ஒரு முழு பேட்ஸ்மேனை இறக்கிவிடுகிறார்கள். இரண்டும் தெரிந்த ஆல்ரவுண்டருக்கு அப்புறம் என்ன வேலை? 2024 ஏப்ரலில் ரோகித் சர்மாவே இந்த விதி பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கிரிக்கெட் 11 பேர் ஆட்டம், 12 பேர் ஆட்டம் இல்லையாம். ஷிவம் துபே, நம்ம வாஷிங்டன் சுந்தர் போன்றவர்களுக்குப் பந்து வீச வாய்ப்பே வருவதில்லை என்றும் வருத்தப்பட்டார். அஷ்வின் மட்டும் அவ்வளவு மோசமான விதி இல்லை என்றார். ஆனால் அதே 2024-ல் ஏப்ரல் 26 அன்று கொல்கத்தா 261 ரன் அடித்தும், பஞ்சாப் 8 பந்து மிச்சம் வைத்து ஜெயித்தபோது, பந்து வீச்சாளர்களை யாராவது காப்பாத்துங்களேன் என்கிற மாதிரி எழுதினவரும் அவர்தான்!

உள்ளூர் சையது முஷ்டாக் அலி கோப்பையில் 2022-ல் கொண்டுவந்த இந்த விதியை 2024-ல் எடுத்துவிட்டார்கள். ஐ.பி.எல்.லில் மட்டும் 2027 வரை உண்டு.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? டி.வி.யில் வந்த விதி எங்க கடலைக்காட்டுக்கும் வந்துவிட்டது. லீவு நாளில் பெரியப்பா பையன்களும் தெருப் பையன்களும் ஆடுவார்கள். பொண்ணு நான் ஒருத்திதான். முன்னாடி ஆள் பத்தாது. அதனால் கடைசியில் இறங்கினாலும் எனக்கு பேட்டிங் உண்டு. இப்போது நான் ரெண்டு ஓவர் போட்டு முடித்ததும், "பாப்பா, நீ இம்பாக்ட். போய் உக்காரு" என்கிறார்கள். தறி ஓட்டிவிட்டு லேட்டாக வரும் ஒரு அண்ணன் என் இடத்தில் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் அடிக்கிற சிக்சரை ஏரிக்கரைக்கு ஓடி எடுத்து வருவது யார்? நான்தான்.

பந்து போடுவது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. 2024 ஏப்ரல் 20 டெல்லி மேட்ச்சில் ஐதராபாத் 266 ரன் அடித்தது. அதே மைதானத்தில் நம்ம சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 19 ரன் மட்டும் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். ஆனால் எனக்குப் பந்தும் வேணும், பேட்டும் வேணும். பேட்டே பிடிக்காமல் பேட்டிங் எப்படி வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன். "மாத்து ஆளு பேரை டாஸ்லயே சொல்லணும். நீங்க ஏன் நான் ஓவர் முடிச்ச பிறகு சொல்றீங்க?"

"அதெல்லாம் டி.வி.க்கு" என்றார் பெரியப்பா பையன்.

"சரி. வெளிய போன ஆளு திரும்ப உள்ள வரக்கூடாது, ஃபீல்டிங் பண்ணக்கூடாதுன்னும் விதி இருக்கு. அது தெரியுமா?"

யாரும் பதில் பேசவில்லை. அடுத்த ஓவரிலேயே அண்ணன் சிக்சர் அடித்தார். பந்து கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.