தொட்டிக்குக் கீழே பார்க்கிறவர்கள்

தோல் லோடு அடிக்கும் பிக்கப் வண்டியை வேலூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லிவிடுவார்கள். உப்பும் ஈரமும் கலந்த அந்த வாடை, வண்டி போன பிறகும் சற்று நேரம் சாலையில் நிற்கும். தார்ப்பாய்க்குக் கீழே மடித்து அடுக்கிய உப்புத்தோல். பின்கதவு இடுக்கில் சொட்டிக்கொண்டே வரும் உப்புநீர். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகை ஊர்களுக்குள் இந்த வண்டிகள் ராப்பகலாக ஓடுகின்றன. 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. தோல் அந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. ஓர் ஊரில் உப்போடு இறங்கும், இன்னோர் ஊரில் குரோம் ஏறி நீலமாகும், வேறோர் ஊரில் ஷூவாகி அட்டைப்பெட்டிக்குள் போகும்.

ஓடித் தேய்ந்த வண்டிகள் கடைசியில் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. அப்படி வந்த இரண்டு பிக்கப்களில் எது கார் டிரெய்லரை இழுக்கத் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல, ஆற்காடு பக்கத்தில் ஒரு கமான் (லீஃப் ஸ்பிரிங்) பட்டறை மேஸ்திரியிடம் கொண்டுவந்திருந்தார்கள். நான் போய் நின்றது அங்கேதான்.

வாங்க வந்தவர் ஆம்பூரில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் இளைஞர். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் நின்றுபோகும் கார்களைத் தன் ஷெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வாடிக்கையாளர் சிலரின் பந்தயக் கார்களை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வர வேண்டும். 1990-இல் திறக்கப்பட்ட அந்தத் தடமும் இதே நெடுஞ்சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. காரைக் கயிறு கட்டி இழுத்துவருவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் நினைப்பது சரி. இன்ஜின் ஓடாத காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது, இரண்டு மூன்று தடவை மிதித்தால் பிரேக்கும் கல்லாகிவிடும். இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது சாலை விதி. கனரக லாரிகள் பறக்கும் சாலையில் அந்த 5 மீட்டரை நம்பி ஒருவரை ஸ்டியரிங்கில் உட்கார வைப்பது கொடுமை.

நிறுத்தியிருந்த இரண்டு பிக்கப்களும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒன்று வயதில் இளையது, குறைவாக ஓடியது, புதுப் பெயிண்டில் பளபளத்தது. மற்றது பழையது; கதவில் ஒடுக்கு, கண்ணாடி ஓரத்தில் கீறல், கிலோமீட்டரும் அதிகம். இளைஞரின் கண் முதல் வண்டி மேலேயே இருந்தது. மேஸ்திரி பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"தம்பி, இன்ஜினு அப்பால. இது இன்னா லோடு அடிச்சிது, அத மொதல்ல சொல்லு."

"தோல் மண்டி வண்டி, பாய்."

"அது இன்னா?"

"ஷூ கம்பெனில ஓடிச்சி. அட்டைப்பெட்டி லோடு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னார், மரக்கட்டை அண்டை கொடுத்தார், கோணியை விரித்துக்கொண்டு முதல் வண்டிக்குக் கீழே மல்லாந்து நகர்ந்தார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். முன்பக்கத்திலிருந்து சேசிஸ் நெடுக ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். இரும்பு கணீரென்றது. கேபினைத் தாண்டியும் கணீர்தான். பின் ஆக்சிலைக் கடந்து கடைசிக் குறுக்குச் சட்டத்துக்கு வந்ததும் சத்தம் செத்தது. தப். தப். ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து நெம்பினார். கறுப்புப் பெயிண்ட் ஒரு பத்தையாகப் பெயர்ந்தது. பின்னால் துரு ஏடு ஏடாகச் சரிந்து அவர் தோளில் விழுந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். ஆழமாகப் பள்ளம் போல அரித்திருந்த இடம் அது. டிரெய்லர் கொக்கியை போல்ட் போட்டு மாட்ட வேண்டிய இடமும் அதுவே.

காரணம் உப்பு. உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவுக்கு உப்புத் தூவி அடுக்குவது இந்தத் தொழிலின் வழக்கம். உப்பு தோலின் நீரை இழுத்து வெளியே விடுகிறது, அந்த நீர்தான் வண்டித் தொட்டியின் தகடு இணைப்புகள் வழியாக இறங்குகிறது. பிக்கப்பின் சேசிஸ் பெரும்பாலும் 'ப' எழுத்தைச் சாய்த்து வைத்த வடிவச் சட்டம். சாலைச் சேறு உள்விளிம்பில் தங்கும், சேற்றில் உப்பு தங்கும், காற்றின் ஈரத்தை உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் அரிப்பு நிற்காது. வாட்டர் சர்வீஸில் மேலே அடிக்கும் தண்ணீர் அந்த உள்விளிம்பை எட்டுவதில்லை.

இந்த உப்புக்கு இரும்பு மட்டும் பலியாகவில்லை. ஊறவைக்கும் தொட்டிகளில் தோலிலிருந்து கழுவி வெளியேறிய உப்புதான் பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு வகித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. இன்றும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பிரித்தெடுத்த உப்பு போக்கிடமில்லாமல் குவிந்து கிடக்கிறது. தோல் மண்டியில் லோடு ஏற்றுகிறவர்களின் உள்ளங்கைகளைப் பார்த்தால் போதும். வெடிப்புகளில் உப்பு ஏறி எரிய எரியத்தான் வேலை. கனமான ஈரத்தோலை வெறுங்கையால் தூக்கி, தலைக்கு மேல் இருக்கும் அடுக்கில் வீசுகிறார்கள். அவர்களுக்கு ரப்பர் கையுறை வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை. கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

டிரெய்லர் என்றால் இன்ஜின் பலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2005-இல் வந்த டாடா ஏஸின் 702 சிசி இன்ஜினுக்கு வெறும் 16 குதிரைத்திறன். முக்கால் டன் சுமக்கும் என்று விற்ற வண்டியில் இந்தப் பக்கத்து ஆட்கள் அதற்கு மேலேயே ஏற்றி ஓட்டினார்கள். குட்டியானை என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். மறுகோடியில் 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ், 204 குதிரைத்திறன். நடுவில், ஆந்திர எல்லையைத் தாண்டினால் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ், 163. மகிந்திரா பிக்கப்களோ எண்பது குதிரைத்திறனுக்குள் டன் கணக்கில் இழுத்துக்கொண்டு இந்தத் தோல் ஊர்களின் பாதி வேலையைச் செய்கின்றன. சமதரையில் ஒரு டிரெய்லரை நகர்த்த எந்த டீசல் பிக்கப்புக்கும் சக்தி உண்டு. அதைப் பிடித்து நிறுத்துவதுதான் கேள்வி.

ஹைலக்ஸையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் அதற்குக் கம்பெனி அனுமதிக்கும் இழுவை எடை 3,500 கிலோ. ஆனால் அது தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு, அதே இன்ஜினுக்கு 750 கிலோதான். ஒரு ஸ்விஃப்ட் கார் ஏறத்தாழ 900 கிலோ, அதை ஏற்றும் இரட்டை ஆக்சில் டிரெய்லர் 600 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1,500. அந்த அளவுகோலில் பார்த்தால் பிரேக் இல்லாத டிரெய்லரோடு இந்த வேலையை ஹைலக்ஸே செய்யக் கூடாது. இங்கே விற்கும் பிக்கப்களின் விளம்பர ஏடுகளில் இழுவை எடை என்ற வரியே பெரும்பாலும் இருப்பதில்லை. தொட்டி எவ்வளவு சுமக்கும் என்பதோடு முடிந்துவிடும். அதனால் டிரெய்லரிலேயே ஓவர்ரன் பிரேக் வைத்துக் கட்டச் சொன்னார் மேஸ்திரி. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் முட்டும். அந்த முட்டலே கொக்கியில் உள்ள தண்டை அழுத்தி டிரெய்லர் சக்கரங்களுக்குப் பிரேக் போடும். தனி இணைப்பு வேண்டியதில்லை.

அடுத்தது கொக்கியின் மேல் இறங்கும் எடை. டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், பிறகு அடக்குவது கடினம். 1,500 கிலோவுக்குக் குறைந்தது 150 கிலோ. பின் ஆக்சிலிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னால் தள்ளி இருக்கிறது, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 3 மீட்டர் என்று கணக்குப் போட்டால், பின் ஆக்சிலில் 210 கிலோ கூடும், முன் ஆக்சிலில் 60 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகிறது என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். கொக்கி எவ்வளவுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் கணக்கு மோசமாகும். தோல்காரர்கள் விரும்பி வாங்கும் பத்தடித் தொட்டி வண்டிகள் டிரெய்லருக்கு இரண்டாம்பட்சமாவது இங்கேதான்.

"ரெண்டு பட்டை சேத்து அடிச்சிட்டா தாங்கும்ல, பாய்?" என்று கேட்டார் இளைஞர்.

பட்டை அடிப்பதே பிழைப்பாகக் கொண்ட மேஸ்திரி, வேண்டாம் என்றார். பட்டறையில் அந்த நேரத்திலும் ஒரு லாரியின் கமான் கட்டைப் பிரித்து, உடைந்த மூன்றாம் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். புதுப் பட்டையைப் பழையதன் மேல் வைத்து வளைவு பார்த்து, சம்மட்டியால் அடித்துச் சரிசெய்து, மறுபடி வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாதவரை விடவில்லை. அப்படிப்பட்ட ஆள் வேண்டாம் என்றதற்குக் காரணம், பின் ஆக்சிலுக்கு மேலே தொங்கும் ஒரு சின்ன வால்வு. பல பிக்கப்களில் இது உண்டு. தொட்டி சுமையால் இறங்க இறங்க ஒரு கம்பி அந்த வால்வைத் தள்ளும்; அது பின்பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். கூடுதல் பட்டை போட்டால் சுமை இருந்தும் தொட்டி இறங்காது. வண்டி காலியாக இருப்பதாக வால்வு நினைத்துக்கொள்ளும், பின்பிரேக் பலவீனமாகவே நிற்கும். தோல் லோடுக்காகப் பட்டை சேர்த்த வண்டிகளில் இந்தக் கம்பியைச் சரிபண்ணாமலேயே விட்டிருப்பார்கள். முதல் வண்டியிலும் ஒரு பட்டை கூடுதலாக இருந்தது.

இறக்கத்தில்தான் இதெல்லாம் தெரியும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கு ஏறும் பத்தலப்பல்லி மலைப்பாதையில் தோல் வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவர் டயர் மாற்ற வந்திருந்தார். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அவர் பாடம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனர் சூடேறி வாடை வரும், அதற்குப் பிறகு மிதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பின்னால் டிரெய்லரும் தள்ளினால்? "ரெண்டாவது கியருக்கு மேல மாத்தவே கூடாது சார்," என்றார். சரக்கு வண்டி ஓட்டும் இவரைப் போன்றவர்களுக்கு 2024 நவம்பரில் ஒரு நிம்மதி கிடைத்தது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. விபத்தென்றால் உரிமத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்கும் வழி அதோடு அடைபட்டது.

சட்டத்தில் வேறு ஒரு முடிச்சும் உண்டு. டிரெய்லர் என்பது மோட்டார் வாகனச் சட்டப்படி தனி வாகனம். அதற்கும் பதிவு வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லியிருக்கிறது. எனவே ஷெட்டில் நினைத்த மாதிரி கொக்கியை வெல்டிங் வைத்துவிட்டு எஃப்.சி.யில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரும்படி மேஸ்திரி சொன்னார்.

ஷூ கம்பெனி வண்டிக்கு அடியில் அவர் அதிக நேரம் இருக்கவில்லை. முனைவரை கணீரென்ற சத்தம். கமான் கட்டு கம்பெனி கொடுத்தபடியே, வால்வுக் கம்பி அசையும் நிலையில், குறுக்குச் சட்டத்தில் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது. அட்டைப்பெட்டியில் என்ன ஈரம் இருக்கப்போகிறது? இன்ஜினில் புகை கொஞ்சம் கூடுதல். நாசில் பார்க்க வேண்டும், கிளட்ச் பிளேட்டும் மாற்ற வேண்டும். இரண்டும் பணம் கொடுத்தால் மாற்றக்கூடியவை.

இளைஞர் பளபளத்த வண்டியை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பழைய வண்டிக்காரருக்கு ஃபோன் போட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் மேஸ்திரி சாக்பீஸால் சேசிஸில் அடையாளம் போட்டுவிட்டார். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளை கூடாது, அங்கேதான் சட்டத்தின் பலம். நடுத்தகட்டில் மட்டும் துளை போட வேண்டும், உள்ளே தாங்குதகடு வைத்து 10.9 போல்ட் முறுக்க வேண்டும். வெல்டிங் ராடை எடுத்துக்கொண்டு வந்த பையனைப் பார்த்து, "அத வெச்சிடுடா; ஆர்.டி.ஓ. சரின்னா டிரில்லுதான்," என்றார்.