அம்மாவும் எட்டு பிட்டும்

வடபழனியில் ஒரு மூன்றாவது மாடி ஏ.சி. ரூமுக்குள் நான் நுழைந்தபோது, என் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதற்குள் அம்மா இருந்தாள்.

அம்மா போய் அப்போது எட்டு மாசம். முதல் வருஷத் திதிக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு 25 நிமிஷப் படம் ஒன்று போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு முந்தைய கோடையில் அக்கா பிள்ளையின் காமிராவைக் கடன் வாங்கி, அம்மா மொட்டை மாடியில் வடாம் பிழிந்ததையும், விடியற்காலையில் காமாட்சி விளக்கு ஏற்றியதையும் எடுத்து வைத்திருந்தேன். 'ரிடையரான பாங்க் ஆசாமிக்கு எடிட்டிங் எல்லாம் வருமா?' என்று கேட்காதீர்கள். யூடியூப் இருக்கிற தேசத்தில் யாருக்கு எதுதான் வராது?

எடிட்டிங் முடிந்தது. "கலரை மட்டும் கலரிஸ்ட்கிட்ட குடுங்க மாமா" என்றான் மருமான்.

கலரிஸ்ட் தம்பிக்கு இருபத்தாறு வயசு இருக்கும். பென் டிரைவைச் செருகினார். ஃபைல் சைஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டாக்டர்கள் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துவிட்டு, 'கூட யாராவது வந்திருக்காங்களா?' என்பார்களே, அந்தப் பார்வை.

"ரெண்டு ஜி.பி.தான் இருக்கு சார்?"

"ஆமாம் தம்பி, சிக்கனமா பண்ணினேன்" என்றேன் பெருமையாக. எக்ஸ்போர்ட் பண்ணும்போது கம்ப்யூட்டர் நூறு கேள்வி கேட்டது. எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'சின்ன சைஸ்'. அதை அமுக்கினேன்.

தம்பி விளக்கு ஏற்றும் காட்சிக்குப் போய், இருட்டை மெள்ள ஏற்றினார். அம்மாவின் கன்னம் சதுரம் சதுரமாக உடைந்தது. பின்னால் சுவரில் விளக்கு வெளிச்சம், குளத்தில் கல் போட்ட மாதிரி வளையம் வளையமாக நின்றது. என்னால் பார்க்க முடியவில்லை.

"இது ஹெச்.264 சார். பார்க்கறதுக்கு நல்லது, வேலை செய்ய ஆகாது. ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசா வச்சுக்காது. முன்னாடி பின்னாடி பார்த்து, மாறினதை மட்டும் எழுதி வச்சுக்கும். இருட்டுல யார் பார்க்கப் போறாங்கன்னு அங்கே நிறையத் தூக்கிப் போட்டுடும். காமிராவில 10 பிட்ல எடுத்திருக்கீங்க. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் 1024 படி. எக்ஸ்போர்ட் பண்ணினது 8 பிட். 256 படிதான். நாலு படியில மூணை உடைச்சுட்டு, மாடி ஏறுன்னா எப்படி சார்?"

அதோடு விட்டாரா? "ஃபில்டர் வேற போட்டிருக்கீங்களா?"

போட்டிருந்தேன். காமிராவில் 'லாக்' என்று ஒரு முறை. அதில் எடுத்தால் படம் சாம்பல் பூசினாற்போல் வெளுத்து இருக்கும். "அத்தைக்கு என்ன சோகையா?" என்று என் மனைவி கேட்டதால், ரெடிமேட் கலர் ஒன்றைப் பூசி, ஷார்ப்னஸையும் ஏற்றியிருந்தேன்.

"அந்த வெளுப்புதான் சார் எனக்கு வேணும். நான் மாவு கேட்டா நீங்க தோசை கொண்டு வந்திருக்கீங்க."

பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். புரோரெஸ் 422 ஹெச்.க்யூ. அல்லது டி.என்.எக்ஸ்.ஹெச்.ஆர். ஹெச்.க்யூ.எக்ஸ். எடுத்த அதே சைஸ், அதே 25 ஃபிரேம். ஃபில்டர், ஷார்ப்னஸ், எழுத்து எதுவும் கூடாது. ஒரு காட்சி கரைந்து இன்னொன்று வருகிற வித்தையெல்லாம் கலருக்கு அப்புறம். ஓடுகிற டைம்கோடு தெரிகிற சின்னக் காப்பி ஒன்று, ஒத்துப் பார்க்க. ஃபுல் ஹெச்.டி.யில் 25 நிமிஷத்துக்கு 35 ஜி.பி. வருமாம்!

"இந்த ரெண்டு ஜி.பி.யையே அப்படி மாத்திட்டா?" என்றேன், குரல் இறங்கி.

"தண்ணி கலந்த பாலைப் பெரிய குண்டான்ல ஊத்தினா கெட்டியாயிடுமா சார்? ஒரிஜினல்லேர்ந்து பண்ணுங்க. இருக்கில்ல?"

அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. லாப்டாப்பில் இடமில்லை என்று, வவுச்சர் பாஸானதும் கணக்கை முடிக்கிற பாங்க் புத்தியில், ஒரிஜினலை அழித்திருந்தேன். மாடிப்படியிலேயே உட்கார்ந்து மருமானுக்கு போன் போட்டேன்.

"ஒரு கார்டு பையிலேயே கிடக்கு மாமா. இன்னொண்ணை ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு ஃபார்மட் பண்ணிட்டேனே... நீங்கதான் காப்பி பண்ணியாச்சுன்னீங்க?"

கிடைத்தது வடாம் கார்டு. போனது விளக்கு.

காகிதத்தில் இருந்தபடியே மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணிக் கொடுத்தேன். மொட்டை மாடியில் அம்மாவின் அரக்குப் புடவை அரக்காகவே வந்தது. வெயிலில் அவள் கண்ணைச் சுருக்குகிற கோடுகூடத் தெரிந்தது. விளக்குக் காட்சிக்குப் பழைய 2 ஜி.பி.தான் கதி. "இதை நான் தொடலை சார். இருட்டாவே இருக்கட்டும். உடையறது தெரியாது" என்றார் தம்பி.

திதியன்று எல்லாரும் பார்த்தார்கள், அழுதார்கள். சித்தி மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "விளக்கு ஏத்தறப்போ அவ மூஞ்சியே தெரியலையேடா. கொஞ்சம் வெளிச்சமா எடுத்திருக்கக் கூடாதா?"

"கரன்ட் போயிருந்தது சித்தி" என்றேன்.