தூரமும் நேரமும்

தேசப்படத்தில் பலாலியையும் சென்னை மீனம்பாக்கத்தையும் அளவுகோலால் இணைத்தால், அக்கோடு நேர் வடக்காகவே செல்வதைக் காணலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்தவை. அகலக்கோட்டில் மூன்று பாகைக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடே உண்டு. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீற்றர் ஆகையால், வான்வழித் தூரம் 355 கிலோமீற்றரளவாகும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குள்ள தரைவழி இதனிலும் நீண்டது.

ஆயினும், தூரம் என்பது படம் தரும் எண் மட்டுமன்று என்பதை 2018 ஆம் ஆண்டில் எமது குடும்பம் உணர்ந்துகொண்டது. சென்னையில் வாழ்ந்த அம்மம்மாவின் தம்பியார் காலமான செய்தி ஒரு மாலைப்பொழுதில் வந்தது. விசா கைவசம் இருந்தமையால் அன்றிரவே பஸ் ஏறினோம். வடக்கே செல்லவேண்டிய நாம், தெற்கு நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடிக் கட்டுநாயக்காவை அடைந்தோம். அங்கிருந்து ஏறத்தாழ 640 கிலோமீற்றர் வடக்கே பறந்தோம். கட்டுநாயக்காவையும் சென்னையையும் இணைக்கும் நேர்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்கின்றது என்பதைப் பின்னரே படத்திற் கண்டேன். இரவு முழுவதும் விலகிச் சென்ற வீட்டை நோக்கியே பகலிற் பறந்திருக்கின்றோம்! நண்பகல்வரை எமக்காகக் காத்திருந்தார்களாம். நாம் சென்றடைந்தபோது மாலையாகிவிட்டது, தகனமும் முடிந்துவிட்டது.

இவ்வழி முன்னர் இல்லாததன்று. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பின்னர் அத்தொடர்பு அற்றுப்போயிற்று. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் நின்ற அச்சேவை, 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாகியது.

அடுத்த ஆண்டு அம்மம்மாவை அவ்வழியே அழைத்துச் சென்றேன். சுழலிகள் பூட்டிய சிறிய விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் முக்கால் மணி நேரத்திற் கடக்கக்கூடிய தூரந்தான். எனினும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், உயரவும், தாழவும், இறங்க அனுமதி பெறவும் நேரம் வேண்டும். அதனால் அட்டவணை ஒரு மணி நேரத்துக்கு மேலேயே காட்டுகின்றது.

அம்மம்மா யன்னலோரம் அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரங்கள் நிலத்தைத் தொட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு கிட்டவோ மோனை?” என்று கேட்டார்.

355 என்ற எண் எனக்கு மனனமாயிருந்தது. அதை அவருக்கு விடையாகக் கூற என்னால் இயலவில்லை.