மொட்டையும் மைதானமும்

"கிரிக்கெட் பிளேயர் மாதிரி முடி வெட்டிக்கணும்ப்பா!" பையன் ஒரே அடம். நாமக்கல் சலூனுக்குப் போகாமல், சேலம் பஸ் ஏறி, தாரமங்கலத்தை அடுத்த சின்னப்பம்பட்டிக்கே கூட்டிப் போனேன்.

யார்க்கர் நடராஜன் ஊர்! அப்பா தறித் தொழிலாளி. அம்மா சாலையோரம் கோழிக்கடை வைத்திருந்தவர். டென்னிஸ் பந்தில் பழகிய பிள்ளை, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். திரும்பியதும் பழனியில் மொட்டை! 2023-ல் ஊரிலேயே அவர் கட்டிய மைதானம் திறக்கப்பட்டது.

மைதானத்தைப் பார்த்தவன், என் வழுக்கையையும் பார்த்தான்.

"உங்களுக்கும் மொட்டைதானேப்பா... நீங்க என்ன கட்டுனீங்க?"

"உன் ஸ்கூல் ஃபீஸைத்தான் கண்ணு! முடி கொட்டுனதே அதுலதான்!"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பஸ் ஏறும்போது மெல்லச் சொன்னான்:

"சாதா கிராப்பே போதும்ப்பா. ஒரு டென்னிஸ் பந்து மட்டும் வாங்கித் தாங்க!"

ரெண்டாக வாங்கிவிட்டேன்!