காமீசுவரர் சந்நிதியிலிருந்து திருக்காஞ்சிக் கரை வரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது வில்லியனூர். ஊரின் நடுவே, சோழர் காலத்துத் திருக்கோயிலில் கோகிலாம்பிகை உடனமர் திருக்காமீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். இத்தலத்துத் தேரோட்டம் புகழ்பெற்றது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த மரபு, இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்ந்து வருகிறது. கருவுற்ற பெண்கள் சுகப்பிரசவம் வேண்டி அம்பிகையை வழிபடுவது இங்குள்ள வழக்கம். மகளை அழைத்துக்கொண்டு தாய் வருவாள். பிறகு பிள்ளையை மடியில் ஏந்தி இருவரும் வருவார்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது திருக்காஞ்சி. இறைவன் திருநாமம் கங்கைவராக நதீசுவரர். தந்தையின் அஸ்தியைக் கங்கையில் கரைக்க எடுத்துச் சென்ற ஒருவர் இக்கரையில் தங்கியபோது, அது மலராக மாறியிருக்கக் கண்டார் என்பர். அதனால் இத்தலம் காசியினும் வீசம் உயர்ந்தது என்று போற்றப்படுகிறது. அமாவாசை நாட்களிலும் மாசி மகத்திலும் பிதுர்க்கடன் செய்வோர் படித்துறையில் நிறைந்திருப்பர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இங்கே நடைபெற்ற புஷ்கர விழாவிலும் பல்லாயிரம் அன்பர்கள் நீராடினார்கள்.

பிள்ளை பிறக்க வேண்டும் இடம் ஒன்று; பெற்றோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் இடம் மற்றொன்று. வண்டியில் சென்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையச் சில நிமிடங்களே ஆகும். வாழ்க்கையிலோ அந்த இடைவெளி ஐம்பது, அறுபது ஆண்டுகள். அதன் கடைசிப் பகுதிதான் கடினமானது. பெற்றோர் தளர்ந்து, பிள்ளைகளே தாங்கிப் பிடிக்க வேண்டிய காலம் அது.

இக்கொம்யூன் கிராமங்களில் அந்தக் காலத்தைப் பல வீடுகளில் காணலாம். மகன் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் திரும்புகிறான். வந்தவுடன் தந்தையைத் தூக்கி உட்கார வைத்து, உடை மாற்றி, மருந்து கொடுக்க வேண்டும். மருமகள் அதுவரை இரவெல்லாம் விழித்திருக்கிறாள். மறதி நோய் கண்ட மாமியார், பொழுது விடிந்துவிட்டதா என்று ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறார். பதினோராவது முறை மருமகளின் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது. அடுத்த கணமே அவள் மனம் சுருங்கிப் போகிறது. "பெரியவங்களைக் கடிந்து பேசிட்டேனே" என்ற வருத்தம் நாள் முழுவதும் அவளை அரிக்கிறது. வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தவர்கள் தொலைபேசியில் நலம் விசாரிக்கிறார்கள். "நல்லா பார்த்துக்கோங்க" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பார்த்துக்கொள்பவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார் யாருமில்லை.

2007ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், கைவிடப்பட்ட பெற்றோருக்குப் பராமரிப்புத் தொகை பெற்றுத் தர வழி செய்கிறது. அது தேவையான சட்டமே. ஆனால் கைவிடாமல் பேணுகிற பிள்ளைகளின் மனச்சோர்வைத் தீர்க்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதற்கு வீட்டில்தான் வழி காண வேண்டும்.

அந்த வழியைத் தெற்கே உள்ள பாகூரில் காணலாம். மூலநாதர் அருள்பாலிக்கும் பழம்பதி அது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கற்பிப்பவர்களும் கற்பவர்களும் கவலையின்றி வாழ மூன்று ஊர்களின் வருவாய் தேவைப்பட்டது. பிறருக்கு வழங்குபவருக்கு ஆதாரம் வேண்டும் என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர்.

பாகூர் ஏரியும் அதையே சொல்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் இப்பகுதி வயல்களுக்கு அந்த ஏரியே தாய். ஆனால் அந்தத் தாய்க்கும் நீர் வர வேண்டும். தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் அந்த நீரைக் கொண்டு வருகிறது. வாய்க்கால் தூர்ந்தால் ஏரி வறளும். ஏரி வறண்டால் மதகைத் திறந்து பயனில்லை. பெற்றோரைப் பேணும் பிள்ளையின் மனமும் அத்தகையதே. அதற்கு வரத்து வேண்டும்.

அந்த வரத்தை அளிக்க வல்லவர்களில் முதல்வர் வீட்டுப் பெரியவர்களே. பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையை அறியாதார் இல்லை. பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது இறைவனே வாசலில் வந்து நின்றான். புண்டலீகன் ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, சற்றே பொறுத்திருக்குமாறு வேண்டினான். பிள்ளைகளின் கடமையைச் சொல்லவே இக்கதையை எடுத்துக்காட்டுவது வழக்கம். இதில் பெரியவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. காத்திருக்கச் சொன்ன பக்தனை இறைவன் சினந்துகொள்ளவில்லை. இடுப்பில் கை வைத்து, செங்கல்லின் மேல் இன்றளவும் நிற்கிறான். "கொஞ்சம் இருப்பா, வரேன்" என்று மகன் சொல்லும்போது அவ்வாறு பொறுத்திருப்பதும் ஒரு வழிபாடே.

"சாப்பிட்டியாம்மா?" என்று மருமகளை ஒருமுறை கேட்பது, வந்தவர்களிடம் குறை கூறாமல் "இவள்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள்" என்று அவள் காதுபடச் சொல்வது, மாதத்தில் இரண்டு நாளேனும் வேறொரு பிள்ளையின் பொறுப்பில் இருக்க மனமிசைவது ஆகியவை எல்லாம் அந்த ஏரிக்கு வரும் நீர். மறதி நோயால் பெற்றோர் இதைச் சொல்ல இயலாத வீடுகளில், உற்றாரும் அண்டை வீட்டாரும் சொல்லலாம். ஒரு மாலைப்பொழுது அருகில் அமர்ந்திருந்து, அவள் கோகிலாம்பிகையைத் தரிசித்து வர அனுப்பலாம். மூத்த குடிமக்களுக்கான 14567, மன நலத்திற்கான 14416 ஆகிய அரசு உதவி எண்களை அழைத்துப் பேசுவதில் இழிவு ஏதுமில்லை.

திருக்காஞ்சிப் படித்துறையில் எள்ளும் நீரும் இறைப்பவர்களில், கண் கலங்கி நிற்பவர்கள் பலர். "இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாமே" என்ற ஏக்கம் அவர்களுடையது. அதை ஆற்று நீர் முழுவதுமாகக் கழுவிவிடுவதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே தாயோ தந்தையோ தலையில் கை வைத்து, "நீ செய்தது போதும், நல்லா இரு" என்று வாழ்த்தியிருந்தால், அந்தப் பிள்ளை நிறைந்த மனத்தோடு கரையேறுவான். அந்த வாழ்த்தைத் தரும் காலம் இப்போதே.