ராத்திரி சரக்கு, காலையில் மாத்திரை

எங்கள் சித்தேரிப் பக்கம் ஒரு கணக்கு உண்டு. சரக்கு உள்ளே இருக்கும்போது மாத்திரை போடக் கூடாது. தூங்கி எழுந்து தெளிந்த பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது. பெரியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், என் வயதுப் பையன்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பாரசிட்டமால் விஷயத்தில் இது ஏறக்குறைய தலைகீழ்க் கணக்கு!

நான் பி.காம் படிப்பவன். வேதியியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முடிந்துவிட்டது. எனவே எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்கிறேன். விழுங்கும் பாரசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் சத்தமில்லாமல் மாற்றிச் சிறுநீரோடு அனுப்பிவிடும். நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு மட்டும் சி.ஒய்.பி. 2இ1 என்ற நொதி வழியாகப் போய் 'நாப்கி' என்ற நச்சாகிறது. அதை முறிக்கக் கல்லீரலில் குளூட்டாதயோன் கையிருப்பு இருக்கிறது. அது தீராதவரை கவலையில்லை. தினமும் குடிப்பவருக்கு இந்த நொதி பெருகிவிடுகிறது, கையிருப்போ குறைகிறது. சாப்பிடாமல் படுத்தால் இன்னும் குறையும். செலவு ஏறி, இருப்பு இறங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதே நொதிக்குச் சாராயத்தை எரிக்கும் வேலையும் உண்டு. போதை உள்ளே இருக்கும் மட்டும் அதற்கு மாத்திரைப் பக்கம் திரும்ப அவ்வளவாக நேரமில்லை. விடிந்து சாராயம் தீர்ந்ததும், பெருகிக் கிடக்கும் நொதி மாத்திரை மேல் பாயும். 'தெளிந்த பிறகு' என்பதுதான் மோசமான நேரம். (அதற்காகக் குடிக்கும்போதே போடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.)

அமெரிக்காவில் அன்டோனியோ பெனிடி என்பவர், அப்பா புஷ்ஷிடம் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர். இரவுச் சாப்பாட்டோடு வைன் குடிக்கும் பழக்கம். 1993ல் காய்ச்சலுக்குச் சில நாட்கள் டைலினால் (அதுவும் பாரசிட்டமால்தான்) சாப்பிட்டார். கல்லீரல் போய், மாற்று அறுவைச் சிகிச்சை வரை போனது. லேபிளில் எச்சரிக்கை இல்லை என்று வழக்குப் போட, 1994ல் நடுவர் குழு சுமார் 88 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 1998ல் தினமும் மூன்று கிளாஸ் மது அல்லது அதற்கு மேல் குடிப்பவர்களுக்கான எச்சரிக்கை அங்கே கட்டாயமானது.

லேபிள் அங்கே சரி. நம் ஊரில்? ஆயிரம் பேருக்கு மேல் இல்லாத கிராமங்களில் பாரசிட்டமாலை லைசென்ஸ் இல்லாமலே விற்கலாம் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை அனுமதிக்கிறது. பிரிக்காத அட்டையாக விற்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டிக்கடையில் கத்தரிக்கோலால் ரெண்டு ரெண்டாக நறுக்கித்தான் தருகிறார்கள். எச்சரிக்கை எழுதிய துண்டு யாருக்குப் போகிறதோ!

என் மாமா ஒருவர் இப்படித்தான். மூட்டை தூக்கிவிட்டு வந்து ராத்திரி குவார்ட்டர், பாதி நாள் சோறு இல்லை, காலையில் உடம்பு வலிக்கு 650ல் ரெண்டு. வேலை அதிகமான நாளில் மத்தியானமும் ராத்திரியும் கூட ரெண்டு ரெண்டு. ஆக ஆறு, 3900 மில்லிகிராம். நல்ல உடம்புக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4000. தினக்குடிகாரருக்கு 2000க்கு மேல் வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள், அதாவது மூன்று மாத்திரை. எப்போதாவது ஒன்று ரெண்டு போட்டதால் கல்லீரல் போய்விடாது, அதையும் சொல்ல வேண்டும். "அப்போ வேற மாத்திரை வாங்கிக்கறேன்டா" என்றார் மாமா. அந்த 'வேற' டைக்குளோஃபினாக். குடியோடு சேர்ந்தால் அது வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும்.

எனக்குப் பயம் வேறு. பாரசிட்டமால் நஞ்சு முதல் நாளில் வெறும் குமட்டலாகத்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. குடித்த மறுநாள் குமட்டலை எங்கள் ஊரில் யார் கண்டுகொள்வார்கள்? வலது விலாவுக்குக் கீழ் வலியும் மஞ்சள் கண்ணும் ரெண்டு மூன்று நாள் கழித்துத்தான். அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. மிதமிஞ்சிப் போட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். மலையிலிருந்து இறங்கி அரூர் போய்ச் சேரவே பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்...