முற்றத்தில் எழுந்த தோணி

கல்வி ஏட்டில் மட்டுமே உறைவது என்று யாம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வெண்ணத்தைத் தகர்த்தது, எம் இல்லத்து முற்றத்தில் உருவான சிறு பாய்த்தோணி.

2003ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகக் கடல்சார் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தோம். அக்காலை, இராமநாதபுரக் கடற்கரையில் ஓடாவியாய் வாழ்ந்து முதுமையுற்ற எம் தாய்மாமன், தம் இறுதித் தோணியை எம் முற்றத்திலேயே கட்டலானார். நீளம் 15 அடி. வரைபடம் ஏதுமில்லை, கயிறும் கண்ணுமே அளவுகோல்.

பிஸ்மி கூறி ஏராவை இட்டார். அயினிப் பலகைகளை அனலில் வாட்டி வளைத்து இருமருங்கும் பொருத்தினார். பின்னரே, இயல்பாக வளைந்த கருவேலங் கிளைகளைச் செதுக்கி வங்குகளாக்கினார். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைச் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் கலந்த சாந்தைப் பூசும் கலப்பற்றுப் பணியை எம்மிடம் ஒப்படைத்தார். அணியம், பருமல், ஆஞ்சான், தாமான் என அவர் இயல்பாக மொழிந்த சொற்கள், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் யாம் தேடிக் குறித்தவையே.

ஒருநாள் உடன் பயின்ற நண்பர் வந்தார். "இவர் யார்?" என வினவினார். "தச்சு வேலைக்கு வந்தவர்" என்றோம். மாமாவின் உளி ஒரு கணம் நின்று, மீண்டும் தொடர்ந்தது.

பணி முடிந்ததும் தோணிக்குள் நீர் நிரப்பச் செய்தார். யாம் கலப்பற்றிய இடத்தில் மட்டும் கசிந்தது. "மருமகனே, கசிவு கரையிலேயே தெரிந்துவிட்டால் நல்லது, அடைத்துவிடலாம்" என்றார். அவர் தோணியை மட்டுந்தான் சொன்னாரா என்று கேட்க எமக்குத் துணிவில்லை. அன்று மாலையே நண்பரை அழைத்து வந்து, "இவர் எம் மாமா, எம் ஆய்வுக்கும் ஆசான்" என்றோம். மாமா சிரித்தார். மறுநாள் திரியைப் பிடுங்கி, புதிதாகக் கலப்பற்றினோம்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. மாமாவும் இன்றில்லை. அகராதி சொல்லுக்குப் பொருள் தரும். அச்சொல்லை ஆண்ட கையைத் தராது. மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து கேளுங்கள். அதற்கும் முன்பாக, அவர்களை இன்னார் என்று பிறரிடம் பெருமையோடு கூறுங்கள்.